லேசருக்கு கலர் மட்டும்தான் தெரியும்: புதுசா லேசர் பண்ணிக்கப் போறவங்களுக்கு ஒரு கைடு

ஸ்கின் கிளினிக்ல லேசர் ரூம் அசிஸ்டென்ட்டா இருக்கேன், ஒம்போது வருஷம் ஆச்சு. ஜெல் தடவறது, கண்ணுக்கு கண்ணாடி மாட்டி விடறது, கை நடுங்குறவங்க கையை பிடிச்சுக்கறது, டாக்டர் சொல்ற நம்பரை மெஷின்ல போட்டுட்டு ஒரு தடவை வாய்விட்டு திருப்பி சொல்றது, இதான் வேலை. நான் டாக்டர் கிடையாது, அதனால எந்த மருந்து எவ்வளவுன்னு இங்க எழுத மாட்டேன். ஆனா புதுசா வர்றவங்க எந்த இடத்துல தடுக்கி விழறாங்கன்னு நல்லா தெரியும். முக்காவாசி பேர் உள்ள வந்து உக்காந்ததும் கேக்கறது "வலிக்குமா சிஸ்டர்?", அடுத்தது "எத்தனை சிட்டிங்?", அதுக்கப்புறம் ரேட்டு. இதெல்லாம் கேக்கலாம், தப்பில்ல. ஆனா மொதல்ல கேக்க வேண்டியதை கிட்டத்தட்ட யாருமே கேக்கறதில்ல: "என் கலருக்கு இந்த மெஷின் ஒத்து வருமா?"

ஏன்னா லேசருக்கு கண்ணு கிடையாது. அதுக்கு முடி எது, மச்சம் எது, உங்க தோல் எதுன்னு பிரிச்சு பாக்க தெரியாது, கலர் மட்டும்தான் தெரியும். இது ஒண்ணு மண்டையில ஏறிட்டா கீழ நான் சொல்லப்போற எல்லா ஸ்டெப்புக்கும் காரணம் தானா புரிஞ்சிடும்.

லேசர் உள்ள போய் என்ன பண்ணுது

தோல்ல லேசர் வெளிச்சத்தை குடிக்கற சாமான் முக்கியமா மூணு: கருப்பு நிறமியான மெலனின், ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின், அப்புறம் தண்ணி. ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு அலைநீளம் (வெளிச்சம் எந்த வகைன்னு சொல்ற நம்பர், நானோமீட்டர் கணக்கு) பிடிக்கும். 595 நானோமீட்டர்ல வர்ற பல்ஸ்டு டை லேசரை ரத்தம் நல்லா குடிக்கும், அதனால பொறந்ததுல இருந்தே முகத்துல ஒயின் கொட்டுன மாதிரி செவப்பா படர்ந்திருக்கே அந்த மாதிரி ரத்தக்குழாய் மச்சத்துக்கு அது (கைக்குழந்தையிலயே ஆரம்பிச்சா ரிசல்ட் நல்லா வரும், பெருசாகட்டும் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க). 755 அலெக்ஸாண்ட்ரைட், 810 டயோடு, 1064 என்டி யாக் இதெல்லாம் மெலனினை தேடிப் போறது, முடி எடுக்கறதுக்கு இதுங்கதான். தண்ணி குடிக்கறது 2940 எர்பியம், 10,600 கார்பன் டை ஆக்சைடு. தோல்ல தண்ணி எல்லா இடத்துலயும் இருக்கறதால இது ரெண்டு மட்டும் கலர் பாக்காம தோலையே சீவி எடுத்துடும், பரு தழும்புக்கு யூஸ் பண்றது இதைத்தான்.

1960ல தியோடர் மெய்மன் மொத ரூபி லேசரை எரிய வெச்சாரு, அடுத்த ரெண்டு மூணு வருஷத்துலயே லியோன் கோல்ட்மன்னு ஒரு அமெரிக்க தோல் டாக்டர் அதை தோல்ல அடிச்சு பாத்துட்டாரு. ஆனா சுத்தி இருக்கறதை சுடாம வேணுங்கறதை மட்டும் எப்படி சுடறதுங்கற கணக்கை 1983லதான் ஆண்டர்சன், பாரிஷ்னு ரெண்டு பேர் எழுதி வெச்சாங்க. இன்னைக்கு கிளினிக்ல இருக்கற மெஷின் முக்காவாசி அந்த கணக்குலதான் ஓடுது.

கணக்கு ரொம்ப சிம்பிள். சின்ன டம்ளர்ல ஊத்துன டீ சீக்கிரம் ஆறிடும், சொம்புல இருக்கறது ஆற லேட்டாகும். தோலோட மேல் அடுக்கு டம்ளர் மாதிரி, முடி வேர் சொம்பு மாதிரி. சூட்டை ஒரே அடியா படக்குனு குடுக்காம கொஞ்சம் இழுத்து நிதானமா குடுத்தா, மேல் தோல் வாங்குற சூட்டை அப்பப்போ ஆத்திக்கிட்டே இருக்கும், வேர் ஆத்த முடியாம உள்ளயே வெந்துடும். அந்த இழுக்கற நேரத்துக்கு பேர்தான் பல்ஸ் விட்த், மில்லி செகண்ட் கணக்கு. கருப்பா இருக்கறவங்களுக்கு இதை நீளமா வெக்கணும், ஜூல்ஸ் (அடிக்கற சக்தியோட அளவு) கம்மி பண்ணணும், மேல ஐஸ் மாதிரி கூலிங் ஓடிக்கிட்டே இருக்கணும். பச்சை குத்துன மை இதுக்கு நேர் எதிர், அந்த மைத்துகள் கண்ணுக்கே தெரியாத சைஸ், டம்ளர் கூட இல்ல ஒரு சொட்டு டீ, அதனால நானோ செகண்ட் பிக்கோ செகண்ட்ல பட்டுனு அடிச்சு உடைக்கணும்.

இப்ப நம்ம பிரச்சனைக்கு வருவோம். 1975ல ஃபிட்ஸ்பேட்ரிக்னு ஒரு டாக்டர் வெயில்ல தோல் எப்படி நடந்துக்குதுன்னு பாத்து ஒரு அளவுகோல் போட்டாரு, இப்ப அது 1ல இருந்து 6 வரைக்கும் இருக்கு. நம்ம ஊர் ஆளுங்க பெரும்பாலும் 4, 5, கொஞ்சம் பேர் 6. இன்ஸ்டாவுல வர்ற விளம்பரத்துல தோல் பால் வெள்ளை முடி கருப்பு, லேசருக்கு அதைவிட ஈசியான டார்கெட் கிடையாது. நமக்கு முடியும் கருப்பு தோலும் கருப்பு. அதனால அவங்களுக்கு போடற செட்டிங்கை அப்படியே நமக்கு போட்டா வேருக்கு போறதுக்கு முன்னாடி தோலே பாதியை குடிச்சுடும், தோல் வெந்துடும். 1064 என்டி யாக்கை மேல் தோல் மெலனின் கம்மியாதான் குடிக்கும், ஆழமாவும் போகும், அதனாலதான் ரொம்ப கருப்பா இருக்கறவங்களுக்கு டாக்டருங்க அதை எடுக்கறாங்க. கொஞ்சம் வலி ஜாஸ்தி, ஆனா சேஃப்.

ஸ்டெப் 1: மொதல்ல அது என்னன்னு பேர் தெரிஞ்சுக்கோங்க

"கருப்பா இருக்கு, எடுத்து விடுங்க"ன்னு வருவாங்க. கருப்புல எத்தனை ஜாதி இருக்கு தெரியுமா? கன்னத்துல பட்டாம்பூச்சி மாதிரி படர்ற மங்கு வேற, பரு வந்து போன எடத்துல நிக்கற கறை வேற, கழுத்துல வெல்வெட் மாதிரி தடிச்சு வர்றது வேற. அந்த கழுத்து கருப்பு பெரும்பாலும் சுகர், உடம்பு வெயிட், இன்சுலின் சமாச்சாரம், அதுக்கு லேசர் அடிக்கறது ஓட்டை பானையில தண்ணி ஊத்தற கதைதான், ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வாங்கன்னு எங்க டாக்டர் திருப்பி அனுப்பிடுவாரு.

மங்கு பத்தி கொஞ்சம் விலாவாரியா சொல்லணும், ஏன்னா அதிகமா ஏமாந்து போறது இதுலதான். மங்குக்கு லேசர் மொத வைத்தியமே கிடையாது. சன்ஸ்கிரீன், டாக்டர் எழுதி குடுக்கற கிரீம், தேவைப்பட்டா மாத்திரை, இதெல்லாம் பாத்துட்டு கடைசியிலதான் லேசர் டோனிங்னு லைட்டா ஒண்ணு பண்ணுவாங்க. பண்ணா வெளுக்கும், உண்மைதான், கண்ணாடியில பாத்து சந்தோஷப்படுவீங்க. நிறுத்துனா பழையபடி வந்து நிக்கும், சிலருக்கு முன்ன இருந்ததை விட ஒரு படி ஜாஸ்தியா. ஓவரா அடிச்சவங்களுக்கு கன்னத்துல வெள்ளை வெள்ளையா மழைத்துளி தெளிச்ச மாதிரி புள்ளி விழுந்து பாத்திருக்கேன், அது போறது ரொம்ப கஷ்டம். அதனால போன மொத நாளே "மங்குதான், 10 சிட்டிங் பேக்கேஜ், இன்னைக்கே ஆஃபர் முடியுது"ன்னு யாராவது சொன்னா செருப்பை மாட்டிட்டு கெளம்பிடுங்க.

இன்னொண்ணு, மெடிக்கல்ல தானா வாங்கி மாசக்கணக்குல பூசுற வெள்ளையாக்கற கிரீம். நெறைய கிரீம்ல ஸ்டீராய்டு இருக்கும். தோல் மெலிஞ்சு, செவந்து, முகத்துல முடி மொளைச்சு வருவாங்க, வந்து முடியை லேசர் பண்ணுங்கம்பாங்க. அந்த தோல்ல லேசர் பட்டா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. என்ன பூசறீங்களோ அந்த ட்யூபை பையில போட்டு எடுத்துட்டு வாங்க, வெக்கப்படாதீங்க, நாங்க திட்ட மாட்டோம் (டாக்டர் லேசா திட்டுவாரு).

மச்சம் எடுக்கணும்னு வந்தா டாக்டர் பூதக்கண்ணாடி மாதிரி டெர்மாஸ்கோப் வெச்சு பாக்காம கை வெக்கக் கூடாது. திடீர்னு பெருசாகற, ஓரம் கோணலா இருக்கற, ரத்தம் கசியற, உள்ளங்கால்லயோ நகத்துக்கு அடியிலயோ புதுசா வந்த கருப்பை லேசர்ல சுட்டுட்டா அப்புறம் டெஸ்ட்டுக்கு அனுப்ப சதையே மிஞ்சாது, கேன்சரா இருந்தா கண்டுபிடிக்க வழியே இல்லாம போயிடும்.

வெண்புள்ளிக்கும் லேசர் இருக்கு, 308 நானோமீட்டர் எக்ஸைமர். இது எதையும் சுடறதில்ல, இது ஒரு வகை புற ஊதா ஒளி, தூங்கற நிறமி செல்லை தட்டி எழுப்பற வேலை. வாரத்துக்கு ரெண்டு தடவை, மாசக்கணக்குல வரணும். முகத்துல நல்லா கலர் திரும்பும், விரல் நுனி உதட்டுல ரொம்ப மெதுவு. அந்த வெள்ளைக்குள்ள இருக்கற முடி கருப்பா இருந்தா நல்ல சகுனம், முடியும் வெளுத்துட்டா கஷ்டம், ஏன்னா கலர் திரும்பி வர்றதே முடி வேர்ல இருந்துதான், வேரை சுத்தி புள்ளி புள்ளியா கருப்பு தெரிய ஆரம்பிக்கும் பாருங்க, அன்னைக்கு அந்த பேஷண்ட் மொகத்தை பாக்கணும். வெண்குஷ்டம்ங்கற பேரை மட்டும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க, குஷ்டத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. காளாஞ்சகப்படை (சோரியாசிஸ்) ஒண்ணு ரெண்டு எடத்துல மட்டும் பிடிவாதமா நின்னா அதுக்கும் இதே எக்ஸைமர் உண்டு.

ஸ்டெப் 2: யார்கிட்ட போறது

போர்டுல எம்.டி டி.வி.எல், டி.டி.வி.எல், இல்லன்னா தோல் பிரிவுல டி.என்.பி இருக்கான்னு பாருங்க. காஸ்மெட்டாலஜி சர்ட்டிபிகேட் கோர்ஸ் முடிச்சேன்னு ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பாங்க, அதுவும் இதுவும் ஒண்ணில்ல. மெடிக்கல் கவுன்சில் ரெஜிஸ்டர் நம்பர் கேளுங்க, கோவப்பட்டா அதுவே பதில். காசு பிரச்சனையா இருந்தா அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில தோல் ஓ.பி இருக்கு, காலையில சீக்கிரம் போய் சீட்டு போட்டு உக்காரணும், ஆனா என்ன நோய்னு சரியா சொல்லிடுவாங்க, பாதி பிரச்சனை அங்கயே தீந்துடும்.

என் கதையை சொல்லிடறேன். இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி, மேல் உதட்டு முடிக்கு ஒரு எடத்துல பாதி ரேட்டுன்னு போனேன், பேரு வேணாம். அதுக்கு முந்துன வாரம்தான் திருச்செந்தூர் போய் கடல்ல ரெண்டு நாள் ஆட்டம் போட்டுட்டு கருகி வந்திருந்தேன். ஒரு பொண்ணு இருந்துச்சு, எதுவும் கேக்கல, டாக்டர் உள்ள இல்ல, நேரா அடிச்சுது. ராத்திரி பாத்தா மூக்குக்கு கீழ சின்ன சின்ன கட்டம் கட்டமா, மெஷின் முனை எந்த ஷேப்போ அதே ஷேப்புல, செவப்பு. நாலு நாள்ல கருப்பு பட்டை. ஸ்கூல் பசங்க ஸ்கெட்ச்ல மீசை வரைஞ்ச மாதிரி. ஏழு மாசம் ஆச்சு போறதுக்கு, அந்த ஏழு மாசத்துல ரெண்டு கல்யாணத்துக்கு போகல. வெயில்ல கருத்த தோல்ல மெலனின் ஏறியிருக்கும், லேசருக்கு கலர் மட்டும்தான் தெரியும்னு அன்னைக்கு எனக்கு யாரும் சொல்லல.

ஸ்டெப் 3: கன்சல்டிங்ல நீங்க சொல்ல வேண்டியது, கேக்க வேண்டியது

பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடறீங்களா, டாக்ஸிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாடிக் ஓடுதா, காயம் பட்டா தழும்பு மேடா வளர்ந்து கெலாய்டு ஆகுமா, வாயோரம் அடிக்கடி அக்கி மாதிரி கொப்புளம் வருமா (தழும்பு லேசர் பண்றதா இருந்தா இதுக்கு முன்கூட்டியே மாத்திரை குடுப்பாங்க), வலிப்பு இருக்கா, மாசமா இருக்கீங்களா. எல்லாத்தையும் சொல்லுங்க. மாசமா இருந்தா அவசரம் ஒண்ணும் இல்ல, குழந்தை பொறந்து வரட்டும்.

தாடையில முடின்னு வர்ற பொண்ணுங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. பீரியட்ஸ் தள்ளிப் போகுதா, ஸ்கேன்ல பிசிஓஎஸ்னு (சினைப்பை நீர்க்கட்டி) சொன்னாங்களான்னு டாக்டர் கேப்பாரு. உள்ள ஹார்மோன் புது முடியை கிளப்பி விட்டுக்கிட்டே இருந்தா வெளிய நாங்க சுட்டுக்கிட்டே இருக்கணும், ரெண்டு பக்கமும் வைத்தியம் ஓடணும். அமெரிக்காவுல மருந்து, மெஷினுக்கெல்லாம் அனுமதி குடுக்கற எஃப்டிஏவே முடி லேசருக்கு நிரந்தரமா முடி குறையும்னுதான் சொல்ல விடுது, நிரந்தரமா போயிடும்னு சொல்ல விடறதில்ல. வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை டச்சப்புக்கு வர வேண்டியிருக்கும்னு மொதல்லயே மனசுல வெச்சுக்கோங்க.

அப்புறம் கன்னத்துல இருக்கற பூனை முடி. கை வெக்காதீங்க. மெல்லிசு முடியில வேரை கொல்ற அளவுக்கு கலர் இருக்காது, அரைகுறையா சூடு பட்டு அது உசுப்பி விட்ட மாதிரி தடியா கருப்பா வளர ஆரம்பிக்கும், முகத்துலயும் கழுத்துலயும் நம்ம கலர் ஆளுங்களுக்கு இது நடக்கறதுண்டு. நரைச்ச முடிக்கும் லேசர் வேலை செய்யாது. அம்பது வயசுல தாடையில வெள்ளை முடிக்கு பேக்கேஜ் வித்திருக்காங்க ஒரு அம்மாகிட்ட, என்னத்தை சொல்ல.

கேக்க வேண்டியது: எந்த மெஷின், என்ன அலைநீளம், யார் அடிப்பாங்க, டாக்டர் ரூம்ல இருப்பாரா. "ஐபிஎல்"னு சொன்னா கிரிக்கெட் இல்ல, அது பல அலைநீளம் கலந்து வர்ற ஃபிளாஷ் லைட், லேசரே கிடையாது. கருப்பு தோல்ல அதை வெச்சு விளையாடறது எனக்கு தெரிஞ்சு ரிஸ்க்.

பரு தழும்புக்கு வர்றவங்க, கண்ணாடியை சாய்ச்சு பிடிச்சு குழி எந்த மாதிரின்னு பாருங்க. ஊசி குத்துன மாதிரி ஆழமா இருந்தா லேசர் மட்டும் பத்தாது, அதுக்குள்ள ஆசிட் சொட்டு வெக்கற முறை இருக்கு. அலை அலையா பள்ளமா இருந்தா அடியில இழுத்துக்கிட்டு இருக்கற நாரை ஊசியால அறுத்து விட்டாதான் மேல வரும். அதுக்கப்புறம் ஃபிராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு. ஃபிராக்ஷனல்னா மொத்த தோலையும் சுடாம சல்லடை மாதிரி குட்டி குட்டி ஓட்டையா போட்டுட்டு நடுவுல நல்ல தோலை விட்டு வெக்கறது, அந்த நல்ல தோல்தான் ஓட்டையை மூடும். பாதி சரியாகும், முக்காவாசி கூட சரியாகும், மழமழன்னு பழைய முகம் வரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஸ்டெப் 4: டெஸ்ட் பேட்ச்

காதுக்கு பின்னாடியோ தாடை ஓரத்துலயோ உங்க தோல் எப்படி தாங்குதுன்னு பாக்க நாலஞ்சு ஷாட் அடிச்சு விட்டுட்டு அனுப்பிடுவாங்க. உடனே ஒண்ணும் ஆகலைன்னு மறுநாளே வந்து "பண்ணிடலாம் சிஸ்டர்"னு நிக்கக் கூடாது, கருப்பு விழறதுக்கு நம்ம தோலுக்கு ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், சில சமயம் அதுக்கும் மேல. பேட்ச் போடாம முழு முகத்துக்கும் போறவங்களை நான் பாத்த வரைக்கும், அவசரப்படறது முக்காவாசி கல்யாணப் பொண்ணோட அம்மாதான். பத்து நாள்ல முகூர்த்தம்னா லேசரே வேணாம். நிச்சயம் முடிஞ்ச கையோட ஆரம்பிங்க, ஆறு எட்டு மாசம் கையில இருந்தா தாராளம்.

ஸ்டெப் 5: முன்னாடி நாலு வாரம்

முடி எடுக்கறதுக்கு வர்றதா இருந்தா த்ரெட்டிங், வேக்ஸிங், ட்வீசர் எல்லாத்துக்கும் நாலு வாரம் லீவு. வேரோட பிடுங்கிட்டா அந்த குழியில கருப்பே இல்ல, லேசர் யாரை போய் சுடும்? ஷேவ் பண்ணலாம், பண்ணணும். இதை சொன்னதும் காலேஜ் பொண்ணு ஒருத்தி அழுதுட்டா. "ஷேவ் பண்ணா ஆம்பளை தாடி மாதிரி தடியாயிடும்னு அம்மா சொல்லியிருக்காங்கக்கா." தினமும் காலையில பாத்ரூம் கதவை தாப்பா போட்டுட்டு பத்து நிமிஷம் ட்வீசரால பிடுங்கிட்டு வர்றவ அவ, பேசும்போது கூட ரெண்டு விரலால தாடையை தடவி தடவி பாத்துக்கிட்டே இருப்பா, எது முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குன்னு. பிளேடு வெட்டறது தோலுக்கு மேல இருக்கற முடியை, வேர் அதுக்கு கீழ இருக்கு, வேருக்கு மேல என்ன நடக்குதுன்னே தெரியாது. வெட்டுன முனை மொட்டையா இருக்கறதால தொட்டா சொரசொரன்னு இருக்கும், அவ்வளவுதான். ஒரு வழியா ஒத்துக்கிட்டா.

வெயில்ல கருக்காதீங்க. டூவீலர்ல போறவங்க துப்பட்டா கட்டிக்கோங்க. கோயில், கடல், குத்தாலம் டிரிப் எல்லாம் ஒரு மாசம் தள்ளி வெச்சுக்கோங்க, போயிட்டு வந்துட்டா வெக்கப்படாம போன் பண்ணி தேதியை மாத்துங்க. சன்ஸ்கிரீன் ரெண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகம் கழுத்துக்கு, வெளிய இருந்தா ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை. மங்கு இருக்கறவங்க டிண்ட் (லேசா தோல் கலர்) இருக்கற சன்ஸ்கிரீனா கேட்டு வாங்குங்க, சாதா வெளிச்சமே மங்கை கிளறும். ரெட்டினால் கிரீம், ப்ளீச் எப்ப நிறுத்தணும்னு டாக்டர் சொல்லுவாரு.

ஸ்டெப் 6: அந்த நாள்

முகத்தை சுத்தமா கழுவிட்டு வாங்க. நான் துடைச்சு எடுத்த லிஸ்ட்டை சொல்றேன்: மஞ்சள், விபூதி, கண் மை, வகிட்டு குங்குமம், ஸ்டிக்கர் பொட்டோட கோந்து, நெத்தி வரைக்கும் வழியற தேங்கா எண்ணெய், கல்யாண வீட்டுல இருந்து நேரா வந்த ஒரு அக்காவோட ஃபவுண்டேஷன். கலர் எதுவா இருந்தாலும் லேசர் அதை குடிச்சு அங்கயே சூடாக்கும். மூக்குத்தி கழட்ட முடிஞ்சா கழட்டிடுங்க, முடியலைன்னா ஈரத் துணி வெச்சு மூடுவோம், பளபளன்னு இருக்கற உலோகத்துல பட்டு லேசர் வேற பக்கம் திரும்பக் கூடாது பாருங்க.

கண்ணாடி மாட்டாம யாரும் உள்ள இருக்கக் கூடாது, நீங்க, நான், டாக்டர், கூட வந்த உங்க அத்தை உள்பட. இதுல சலுகையே கிடையாது. உங்க கண்ணை மூடியிருந்தா போதும்னு நெனைக்காதீங்க, கண் இமையை தாண்டி போற லேசர் இருக்கு, கருவிழியில இருக்கற கலரும் கலர்தானே. கண்ணுக்கு ரொம்ப கிட்டத்துல பண்ணணும்னா சொட்டு மருந்து போட்டுட்டு இமைக்குள்ள வெக்கற மெட்டல் கவசம் இருக்கு.

அப்புறம் ஜெல், சில்லுன்னு இருக்கும். மெஷின் பீப் பீப்னு கத்தும். ஒவ்வொரு ஷாட்டும் ரப்பர் பேண்டை இழுத்து விட்டா சுள்ளுன்னு இருக்குமே அப்படி, உதட்டுக்கு மேல கண்ணுல தண்ணி வரும், தானா வரும், அழறீங்கன்னு யாரும் நெனைக்க மாட்டோம். கொஞ்ச நேரத்துல ரூம் முழுக்க கோழியை தீயில வாட்டற வாசனை அடிக்கும், பயப்படாதீங்க, அது உங்க முடி. முடிச்சு அஞ்சு பத்து நிமிஷத்துல ஒவ்வொரு முடியை சுத்தியும் குட்டியா வீங்கி உரிச்ச கோழித்தோல் மாதிரி ஆகும், டாக்டர் அதை பாத்துதான் செட்டிங் சரின்னு தலையாட்டுவாரு. நடுவுல எந்த எடமாவது சுள்ளுங்கறதை தாண்டி எரிச்சலா நின்னுட்டே இருந்தா உடனே சொல்லுங்க, பல்லை கடிச்சுக்கிட்டு இருக்காதீங்க. "தாங்கிக்கிட்டேன் சிஸ்டர்"னு பெருமையா சொன்ன ஒரு அண்ணனுக்கு கன்னத்துல கொப்புளம் வந்துச்சு.

டாட்டூ எடுக்க வந்தவங்களுக்கு சீன் வேற, அடிச்ச உடனே மை மேல வெள்ளையா உப்பு பூத்த மாதிரி வரும். "ஐய், போயிடுச்சு"ன்னு செல்ஃபி எடுப்பாங்க. அது உள்ள உண்டான கேஸ் குமிழி, கால் மணி நேரத்துல மறைஞ்சு பழைய காதலி பேர் அப்படியே தெரியும். உடைஞ்ச மையை உடம்புல இருக்கற செல்லுங்க கொஞ்சம் கொஞ்சமா தூக்கிட்டு போகணும், அதுக்குத்தான் ஆறு எட்டு வாரம் கேப். கருப்பு மை நல்லா போகும், பச்சையும் நீலமும் அடம் பிடிக்கும்.

ஸ்டெப் 7: வீட்டுக்கு போனப்புறம்

அன்னைக்கு சுடுதண்ணி, ஜிம், முகத்தை தேய்ச்சு கழுவறது வேணாம். ஐஸ் பேக்கை துணியில சுத்தி வெக்கலாம். குடுத்த கிரீம், சன்ஸ்கிரீன், இது போதும். முடி லேசர்னா ஒரு வாரத்துல இருந்து மூணு வாரம் வரைக்கும் முடி வளர்ற மாதிரி தெரியும், மொளகு தூவுன மாதிரி புள்ளி புள்ளியா. "வளந்துடுச்சு, காசு போச்சு"ன்னு போன் வரும். அது வளரல, வெந்த முடியை தோல் வெளிய தள்ளுது, தானா கொட்டிடும், பிடுங்காதீங்க. எல்லா முடியும் ஒரே நேரத்துல வளர்ற ஸ்டேஜ்ல இருக்காது, வேரோட ஒட்டி வளர்ந்துக்கிட்டு இருக்கறது மட்டும்தான் ஒரு சிட்டிங்ல மாட்டும், மிச்சம் தூங்கிட்டு இருக்கும், அதுங்க முழிக்கறப்போ திரும்ப வரணும். முகத்துக்கு நாலுல இருந்து ஆறு வாரம், கை காலுக்கு எட்டு வாரம் வரைக்கும் கூட. மொத்தம் ஆறு எட்டு சிட்டிங்னு வெச்சுக்கோங்க.

கார்பன் டை ஆக்சைடு பண்ணவங்களுக்கு ரெண்டு நாள் முகம் செவந்து வீங்கி இருக்கும், அப்புறம் உப்புத்தாள்ல தேய்ச்ச மாதிரி பழுப்பு பொருக்கு, அஞ்சாறு நாள்ல உதிரும். உரிக்காதீங்க. கை அரிக்கும்னு தெரியும், உரிச்ச எடத்துலதான் கருப்பு நிக்கும்.

தப்பாயிட்டா

சாம்பல் கலரா வெளுத்து போறது, கொப்புளம், மறுநாளும் குறையாத எரிச்சல், சீழ், காய்ச்சல், இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க, வாட்ஸப்ல போட்டோ அனுப்பிட்டு பதிலுக்கு காத்திருக்காதீங்க. டூத்பேஸ்ட், மஞ்சள், இங்க், முட்டை வெள்ளை எதுவும் வேணாம், கொப்புளத்தை உடைக்காதீங்க. தினமும் ஒரே எடத்துல, ஒரே ஜன்னல் வெளிச்சத்துல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. கருப்பு பட்டை விழுந்தா அது பெரும்பாலும் மாசக்கணக்குல கரைஞ்சு போயிடும், எனக்கு போன மாதிரி. பதட்டத்துல போய் அது மேல இன்னொரு லேசர் அடிச்சுக்கறவங்க கதைதான் நீளும்.

கடைசியா ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கிக்கோங்க. ஒவ்வொரு சிட்டிங் முடிஞ்சதும் தேதி, மெஷின் பேர், அலைநீளம், ஜூல்ஸ், பல்ஸ் விட்த், ஸ்பாட் சைஸ் (ஒரு ஷாட் எவ்வளவு அகலத்துக்கு விழுதுன்னு) இதை கேட்டு எழுதுங்க. எங்க ஃபைல்ல இருக்கும், கேட்டா சொல்லுவோம். வேற ஊருக்கு மாறிட்டீங்கன்னா, இல்ல கல்யாணம் ஆகி போயிட்டீங்கன்னா, அங்க இருக்கற டாக்டர் உங்க தோல்ல திரும்ப மொதல்ல இருந்து பரிசோதனை பண்ண வேண்டியதில்ல. அந்த காலேஜ் பொண்ணு இப்ப ஆறாவது சிட்டிங், நோட்டோட பின் அட்டையில பழைய ட்வீசரை செல்லோ டேப் போட்டு ஒட்டி வெச்சிருக்கா.